ராவ்பகதூர் பேரனின் வண்டி

வண்டிக் கதவுக்குக் கீழே தகரமும் தகரமும் மடிந்து சேரும் இடத்தில், அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து இன்னும் முழுசாகக் காயாத சாம்பல் பரப்பில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. ராஜாராம் குனிந்து அதை நகத்தால் கிள்ளினார். கொப்புளம் உடைந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு ஒரு எள்ளும் வந்தது.

கறுப்பு எள். வண்டி ஷெட்டில் எதெல்லாம் விழுந்து கிடக்கும் என்று அவருக்குத் தெரியும்: போல்ட், வாஷர், பீடித்துண்டு, பல்லி முட்டை. எள்ளுக்கு அங்கே வேலை கிடையாது. "துருவாத்தான் இருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். துரு இப்படி ஒரு முனை கூர்ந்து, வழுவழுப்பாக, நசுக்கினால் விரலில் எண்ணெய் படும்படி இருக்குமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பெரிய மனிதர்கள் சின்ன விஷயங்களைக் கேள்வி கேட்பதில்லை. ராஜாராம் பெரிய மனிதராகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன, அதனால் விதிகளைக் கறாராகக் கடைப்பிடித்தார்.

படாளத்தில் தொடங்கி ஊரப்பாக்கம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கரும்பு விளைந்த மண்ணில் கல் நட்டு, கலர்க்கொடி கட்டி, 'நகர்' என்று முடியும் பெயர்களாக வைத்து மனை விற்றவர் அவர். மாமல்லபுரம் தாண்டி சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு கடற்கரை வீடு கட்டினார். வாசலில் சிங்கம் வைத்தார். சிங்கம் வைத்த பிறகுதான், உள்ளே ஒரு குறை இருப்பது தெரிந்தது. வீட்டில் பழைய காலம் இல்லை. எல்லாம் புதுசு. சொந்தத் தாத்தா சின்னையன், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரர். அவரை ஃபிரேம் போட்டு மாட்டலாமென்றால் அவருக்குப் படமே கிடையாது. படம் இருந்திருந்தாலும் மாட்டியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

அதற்குத்தான் இந்த வண்டி. மூக்கு நீண்டு, முதுகு தாழ்ந்து, இரண்டு பேர் மட்டும் படுத்தமாதிரி உட்கார்ந்து போகும், கூரை மூடிய சீமை ஸ்போர்ட்ஸ் கார். புதுப்பேட்டையில் ஒரு காயலான் கடையின் பின்கட்டில், இரண்டு லாரிக்கூண்டுகளுக்கு நடுவே கிடந்தது. கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துக் காட்டியபோது, "யாருதுப்பா?" என்று ராஜாராம் கேட்டார்.

"ஓனரு செத்துட்டாரு சார். உள்ளயே..." என்றவர், வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "கேக்க ஆளில்ல. நீங்க எட்த்துகினு போங்க."

கேட்க ஆளில்லாத வண்டிக்கு ராஜாராம் ஆளானார். மறுமாதமே அது அவருடைய தாத்தாவின் வண்டியானது. பழங்கார்க்காரர்களின் கிளப்பில் செயலாளராக இருந்த அச்சுதன், மாமல்லபுரத்தில் நடக்கப்போகும் அணிவகுப்பில் 'பரம்பரை வண்டி' என்று தனிப் பரிசு உண்டு, மூன்று தலைமுறை ஒரே குடும்பத்தில் இருந்திருக்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கே, ராஜாராமின் வாயிலிருந்து ராவ்பகதூர் உலகநாதன் பிறந்தார். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டுடியோவில், யாரும் வாங்கிப்போக வராத படங்களுக்கு நடுவே, தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு கிழவர் முறைத்துக்கொண்டிருந்தார். ராவ்பகதூருக்கு முகம் கிடைத்தது. கடற்கரை வீட்டுக் கூடத்தில் மாட்டி, சந்தன மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு எரியவிட்டாயிற்று.

"கலை! இங்க வா."

டிங்கர் வேலைக்காரன் கலையரசன் கடற்கரை வீட்டு ஷெட்டுக்கு வெளியே தென்னை மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவன். வாயாடி. எந்த ஓட்டையையும் பட்டிப் பசை வைத்தே அடைத்துவிடலாம் என்ற கொள்கை உடையவன். புதுப்பேட்டையில் இந்த வண்டியை லாரியில் ஏற்றியதே அவன்தான். ஆகையால் 'தாத்தா வண்டி' என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவன் முகம் ரொம்ப மரியாதையாக மாறிவிடும்.

"இது இன்னாடா?" என்று ராஜாராம் உள்ளங்கையை நீட்டினார்.

"எள்ளு."

"எள்ளுன்னு தெரியுது. எப்டி வந்துது?"

"என்னாண்ட கேட்டா? நான் இன்னா எள்ளுருண்டையா வெச்சுப் பூசினேன்?" கலையரசன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "அத்த வுடுங்கண்ணா. இத்த வந்து பாருங்க."

வண்டியின் மறுபக்கத்தில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டியைக் காட்டினான். உப்புக்காற்று தின்ற இடம். அந்தப் பெட்டியின் மடிப்பு முழுக்க, ஊறிய பக்கோடாவாட்டம் உதிர்ந்துகொண்டிருந்ததை ராஜாராமே பார்த்திருந்தார். முந்தின நாள் மாலை கலையரசன் அதை நறுக்கி எடுத்துவிட்டு, ஓரடி நீளத்துக்கு வாயைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தான். இப்போது அங்கே திறப்பு இல்லை. தகரம் ஒழுங்காக, பளபளப்பாக, மூடியிருந்தது.

"நீதான் மூடியிருப்ப."

"நானா? நான் வெல்டிங் அடிச்சா புழு ஊர்ந்த மாரி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? இதுல தழும்பே இல்ல." வண்டியின் பின்முனையில் இன்னும் அடைக்காத ஒரு ஓட்டைவழியாக டார்ச்சை அடித்து, அவரைக் குனியச் சொன்னான். "நல்லா பாருங்க. பத்த வெச்சது உள்பக்கம் கீது. வெளியில இல்ல. உள்ள உக்காந்துகினு அடிச்சாத்தான் இப்டி வரும்."

"அதுக்குள்ள எலி கூடப் படுக்க முடியாது."

"அத்தத்தாண்ணா நானும் சொல்றேன்."

டார்ச் வெளிச்சத்தில், இருட்டுப் பெட்டியின் உள்சுவரில், பொறுமையான ஒரு கை விட்டுப்போன பற்றவைப்பு வரி நேராக ஓடியது. அந்த ஓட்டையிலிருந்து மெல்லிய குளிர்ந்த காற்று அவர் முகத்தில் பட்டது. பிறகு நின்றது. பிறகு மறுபடி பட்டது. கடல் காற்றென்றால் அது நடுநடுவே உள்ளே இழுத்துக்கொள்வது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்த ராஜாராம், யோசிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஜாயிண்டே தெரியக் கூடாதுன்னு நான்தான சொன்னேன்? தெரியல. வேலை ஆச்சு. அப்புறம் இன்னா பேஜாரு?"

உண்மையில் அதுதான் அவர் முதல்நாளிலிருந்து ஓதிக்கொண்டிருந்த மந்திரம். ஒட்டுப்போட்டது எங்கும் தெரியக் கூடாது. வண்டியிலும் சரி, வம்சத்திலும் சரி. அணிவகுப்பில் பேச வேண்டிய பேச்சையும் ஒரு தமிழ் வாத்தியாரை வைத்து எழுதி வாங்கியிருந்தார். அதில் அவருக்குப் பிடித்த வரி இது: 'மாமல்லபுரத்து ரதங்கள் ஒரே கல்லில் ஆனவை, அவற்றில் இணைப்பைத் தேடுகிறவன் ஏமாறுவான். எங்கள் குடும்பத்து ரதமும் அப்படியே.' ரதங்களில் வாசல் மாதிரி செதுக்கியிருக்கும் பலவற்றின் உள்ளே வெறும் பாறைதான் இருக்கிறது என்பது வாத்தியாருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை, பேச்சுக்கு அது தேவைப்படவில்லை.

எள்ளை ராஜாராம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் எறியவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

எள் எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் தெரியும். தெரியக் கூடாது என்று வைத்திருந்தார்.

போன மகாளய அமாவாசைக்கு அச்சுதன் ஒரு யோசனை சொன்னார். விழா மலருக்குப் படம் வேண்டும்; ராவ்பகதூருக்குப் பேரன் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க, பின்னால் வண்டி நிற்க, அதற்கும் பின்னால் கோயில் கோபுரம் தெரிய ஒரு படம். ராஜாராமுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. துருப்பிடித்த வண்டியை லாரியில் கொண்டுவந்து மணலோரம் இறக்கினார்கள். பட்டு வேட்டி. விரலில் தர்ப்பை மோதிரம். காமிராக்காரனுக்கு முகம் தெரிகிற பக்கமாக, கடலுக்குப் பாதி முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார்.

சாஸ்திரிகள் அன்று காலையிலிருந்து நூறு பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டியவர். "கோத்ரம் சொல்லுங்கோ."

"விஷ்ணு கோத்திரம்" என்றார் ராஜாராம். கோத்திரம் தெரியாதவர்களுக்கு அது இருக்கவே இருக்கிறது.

"அப்பா பேர்?" சொன்னார். "தாத்தா பேர்?"

காமிரா இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் வந்துவிட்ட 'சின்' என்ற சத்தத்தை எச்சிலோடு விழுங்கிவிட்டு, "உலகநாதன்" என்றார். "ராவ்பகதூர் உலகநாதன்."

"பட்டமெல்லாம் அங்க செல்லாது, பேர் போறும்" என்றார் சாஸ்திரிகள். பிறகு, ஏதோ தோன்றியவராக, "பேர் சரிதானே? இன்னிக்கு ஜலத்துக்குத் தவிச்சுண்டு எத்தனையோ பேர் நிக்கறா. கேக்க ஆளில்லாதவா. யார் பேரைச் சொல்லி விடறேளோ அவாதான் வந்து ஏந்திப்பா. அப்புறம் வருஷா வருஷம் எதிர்பார்ப்பா."

"சரிதான், சொல்லுங்க."

கையைச் சாய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எள்ளோடு தண்ணீரை விட்டார். அப்பா பேருக்கு விட்டது தாம்பாளத்தில் விழுந்து தெறித்தது. தாத்தா பேருக்கு விட்டது விழுகிற சத்தம் கேட்கவில்லை. தாம்பாளம் அசையவில்லை. குனிந்து பார்த்தபோது தண்ணீரும் இல்லை, எள்ளும் இல்லை, தன் உள்ளங்கை மட்டும், துணியால் ஒற்றி எடுத்தமாதிரி, வறண்டிருந்தது. "இன்னொரு தரம், சார், லைட்டு சரியா விழல" என்றான் காமிராக்காரன். ராஜாராம் இன்னொரு தரம் விட்டார். படம் நன்றாக வரவேண்டும் என்று பல தரம் விட்டார். அந்தப் பேருக்கு அன்று கிடைத்த தண்ணீர் எந்தத் தாத்தாவுக்கும் கிடைத்திருக்காது.

மதியத்துக்கு மேல் வானம் இறங்கிவந்து சவுக்குத் தோப்பின் தலையில் உட்கார்ந்தது. வடகிழக்குக் காற்று தோப்புக்குள் நுழைந்து, ஊசி இலைகளின் இடுக்கெல்லாம் சீறி, ஷெட்டின் தகரக் கூரையை ஓரத்தில் பிடித்து உதறி, அடங்கி, மறுபடி உதறியது. வெல்டிங் காஸ் தீர்ந்துவிட்டதென்று கலையரசன் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனான். உண்மையிலேயே தீர்ந்ததா, அல்லது அவனுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லையா என்பது தெரியாது. போகும்போது வண்டியைச் சுற்றிக்கொண்டு, தொடாமல் போனான்.

செல்போன் அடித்தது. மனைவி ஜோதிலட்சுமி, செங்கல்பட்டு வீட்டிலிருந்து.

"இன்னாங்க, மலரு வந்துகீது. உங்க படம் போட்டுகீறாங்க."

"எப்டி இருக்குது?"

"நீங்க நல்லாத்தான் கீறீங்க. உங்க தாத்தா பேருதான் உலகநாதன்னு போட்டுகீறாங்க. சின்னையன்தான?"

"அது... ஒரு இதுக்காகச் சொன்னது ஜோதி."

"திதியிலயுமா?" அவள் குரலில் இருந்த கேலி சட்டென்று போய்விட்டது. "அதான் அன்னிக்கு வெச்ச சோத்த காக்கா தொடவே இல்ல. நானும் சாயங்காலம் வரைக்கும் மொட்டமாடில நின்னு கத்திகினு இருந்தேன். மதில் மேல உக்காந்து பாக்குது, வரல. ஏங்க, அந்தப் படத்துல கெழவரு ஒருத்தரு உங்க கைக்குக் கீழ கையேந்திகினு குந்திகினு கீறாரே, அது யாரு? சாஸ்திரியா?"

"இன்னா கெழவரு? நான் மட்டும்தான் இருந்தேன்."

"தலப்பா கட்டிகினு..." என்றாள். லைன் கரகரத்து அறுந்தது. அதே நேரத்தில் கரண்ட்டும் போனது.

மழை ஒரேயடியாக இறங்கியது. கூரையில் அடித்த சத்தத்தில் தன் மூச்சே அவருக்குக் கேட்கவில்லை. கூரை பல இடங்களில் ஒழுகியது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு சொட்டு, துருநிறத்தில், விழுந்து விரிந்தது. ராஜாராம் எங்கே நகர்ந்தாலும் சொட்டு அங்கே வந்தது. ஒழுகாத இடம் ஒன்றுதான் இருந்தது. போனைப் பட்டறை மேஜைமேல் வைத்தார். தரைவிரிப்பு பாழாகிவிடுமே என்று செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டார். வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

இத்தனை நாளும் அந்தக் கதவு சாத்தும்போது கரகரவென்று இழுத்துக்கொண்டு, ஒருமுறைக்கு இருமுறை அடித்தால்தான் மூடும். இன்றைக்கு ஒரே தரத்தில் மூடிக்கொண்டது. உதடு மூடுவதுபோல.

மழைச்சத்தம் நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே கூரை ஒழுகுவதும், மேஜைமேல் தண்ணீர் தெறிப்பதும் தெரிந்தன. சத்தம்தான் உள்ளே வரவில்லை. உள்ளே பழைய தோலும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, மெல்ல மேலே வந்தது. நனைந்த தர்ப்பை. ஈர எள். ரொம்ப நாள் கழுவாத வாய்.

பயந்தவன் என்று தனக்குத்தானே கூட ஒப்புக்கொள்ள முடியாத ஒரு மனிதன் செய்வதை ராஜாராம் செய்தார். பேச்சு ஒத்திகை பார்த்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. எங்கள் தாத்தா ராவ்பகதூர் உலகநாதன் அவர்கள்..."

டொக்.

சீட்டுக்கு அடியிலிருந்து. தகரத்தில் விரல்கணு படும் சத்தம்.

"கலை?"

கண்ணாடிவழியாகப் பார்த்தார். பைக் இல்லை, யாரும் இல்லை. தொண்டையைச் செருமினார். "எங்கள் தாத்தா..."

டொக்.

வாயை மூடிக்கொண்டார். சத்தமும் நின்றது. அவருடைய பேச்சை இதுவரை யாரும் இவ்வளவு ஊன்றிக் கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தபோதே உதடு தானாக அசைந்தது. சத்தமில்லாமல். வெறும் மூச்சாக. தாத்தா.

டொக். டொக். இப்போது கீழே இல்லை. பக்கத்து சீட்டின் முதுகில்.

இறங்கிவிடலாம். சட்டை நனைந்தால் நனையட்டும். கைப்பிடியைத் திருப்பினார். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவைச் சுற்றிலும், தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே, நூல் கனத்துக்கு வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் கோடு, கீல் பக்கத்திலிருந்து, அணைந்துகொண்டு வந்தது.

மெதுவாக. அவசரமே இல்லாமல். தீப்பொறி இல்லை, புகை இல்லை. யாரோ ஈர விரலால் கோட்டின்மேல் தடவிக்கொண்டே வருகிறமாதிரி. விரல் போன இடத்தில் கோடு இல்லை. தகரம் மட்டும். சூடான தகரத்தின் வாசனை. மிச்சமிருந்த இடுக்கில் ராஜாராம் நகத்தைக் கொடுத்து நெம்பினார். இடுக்கு நகத்தைக் கவ்வியது. பிடுங்கிக்கொண்டார். நகம் அங்கேயே தங்கிவிட்டது.

கத்தினார். கத்தல் வாய்க்குப் பக்கத்திலேயே விழுந்தது.

அந்தப் பக்கத்துக் கதவு. சீட்டைத் தாண்டிக் கையை நீட்டினார். கை சீட்டில் பட்டது. சீட்டு நனைந்திருந்தது. நடுவில் பள்ளமாக இருந்தது, யாரோ உட்கார்ந்திருக்கிறமாதிரி. கையை இழுத்துக்கொண்டு, கண்ணைமட்டும் அனுப்பினார். அந்தக் கதவில் கோடு ஏற்கெனவே இல்லை.

காலால் முன்கண்ணாடியை உதைத்தார். வெறுங்கால். செருப்பு வெளியே. கண்ணாடி கல்லாக நின்றது. அதன் ஓரங்களிலிருந்து சாம்பல் நிறம் உள்நோக்கி ஊர்ந்து வந்தது. பிரைமர் நிறம். கல் நிறம். பட்டறை மேஜைமேல் போன் வெளிச்சம் போட்டது. ஜோதி. அதிர அதிர, போன் மேஜையில் நகர்ந்துகொண்டே வந்தது. சாம்பல் நிறம் நடுவில் தட்டளவு வெளிச்சத்தை மட்டும் விட்டுவைத்தது. பிறகு காசளவு. அந்தக் காசுக்குள் போன் மினுங்கியது.

பிறகு அதுவும் இல்லை.

மேலே, கூரையின் மடிப்பிலிருந்து, ஏதோ உதிர ஆரம்பித்தது. நெற்றியில். இமையில். உதட்டில். துப்பினார். எள்.

"இல்ல" என்றார் ராஜாராம். "நீ இல்ல. நீ எங்க தாத்தா இல்ல. எங்க தாத்தா சின்னையன். வண்டிக்காரரு. கரும்பு வண்டி. சின்னையன்!" ஊரும் கிளப்பும் கேட்காத இருட்டில், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். "தாத்தா! நான் ராஜாராம்! தொறந்து வுடு தாத்தா!"

மழைச்சத்தம் வர முடியாத அந்த இடத்துக்கு, மணிச்சத்தம் வந்தது.

மாட்டுக் கழுத்து மணி. ரோட்டுப் பக்கத்திலிருந்து. அச்சில் ஆடும் சக்கரத்தின் லொடலொடப்பு. சவுக்குத் தோப்பைக் கடந்து, வாசல் சிங்கத்தைக் கடந்து, ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றது. மாடு மூச்சு விட்டது. ராஜாராம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வண்டியிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறமாதிரி, கட்டை கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம்.

பிறகு நாக்கை மடித்துத் தட்டும் சத்தம். ஹை. மணி நகர்ந்தது. வண்டிக்காரருக்கு இந்த வீட்டில் யாரையும் தெரியாது போலிருக்கிறது. சக்கரம் லொடலொடத்துக்கொண்டே தூரமானது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பைக் சத்தம் கேட்டது. கலையரசன்.

"அண்ணாத்த! ண்ணா!" குரல் தகரத்துக்கு அப்பால், கிணற்றுக்கு மேலிருந்து வருகிறமாதிரி வந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தான். "அக்கா, நான் கலை... இல்லக்கா, அவரு இல்ல. செருப்பு கீது. போனு இங்கியே கீது... வண்டியா?" காலடி வண்டியைச் சுற்றி வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. "அக்கா... கதவக் காணோம்க்கா. கண்ணாடியும் காணோம். எங்கியுமே ஜாயிண்ட்டு இல்ல."

ராஜாராம் இரண்டு கையாலும் தகரத்தை அடித்தார். காலால் அடித்தார். தலையால் அடித்தார். "கலை! உள்ள கீறேண்டா! வெட்டுடா! வெட்டித் தொறடா!"

பட்டிக்கு அடியில் காலியா கெட்டியா என்று பார்க்க டிங்கர்கள் சுத்தியின் நுனியால் தட்டுவார்கள். கலையரசன் தட்டினான். கதவு இருந்த இடத்தில். ராஜாராமின் காதுக்கு நேரே.

"தட்டிப் பாத்துட்டேன்க்கா" என்றான். அழுகிறவன் குரல். "கல்லு மாரி கீது. உள்ள காலியே இல்ல."

சுத்தி தரையில் விழுந்தது. ஓடும் காலடி. பைக் உதைபட்டு, உதைபட்டு, கிளம்பி, போயிற்று.

இருட்டு. எள் உதிர்வது நிற்கவில்லை. மடியில், தொடையில், பாதத்தில், குவிந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் தோல் கிறீச்சிட்டது. ஒரு மூச்சு. இழுத்துக்கொண்டது. விட்டது.

குளிர்ந்த விரல்கள் அவருடைய வலது கையைத் தேடிப் பிடித்தன. பேரன் கையைப் பிடிக்கிறமாதிரி, ஆசையாக. நகம் போன விரலைத் தடவின. பிறகு, சாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த அதே கோணத்தில், கட்டைவிரல் கீழே வரும்படி, கையைச் சாய்த்துவைத்தன. அதற்கு அடியில் இரண்டு கைகள் சேர்ந்து குவிந்தன. ஏந்தின. காத்திருந்தன.

"தண்ணி இல்ல" என்றார் ராஜாராம். "எங்கிட்ட தண்ணி இல்ல."

அவர் நெற்றியில் துளிர்த்த வியர்வை மூக்கு வழியாக, மோவாய் வழியாக இறங்கி, மணிக்கட்டில் விழுந்து, கட்டைவிரல் ஓரமாகச் சொட்டியது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. கைகள் அதை உறிஞ்சின.

மறுபடியும் ஏந்தின.